கிரீன்லாந்து இறாலும் என் கையெழுத்தும்

21 ஜனவரி 1985, திங்கள்

பனி. பஸ் நாற்பது நிமிஷம் பிந்தியது. லண்டன் ஃபாரஸ்ட் கேட் பஸ் நிறுத்தத்தில் நின்று நின்று கால் மரத்துப் போனது.

செய்ய வேண்டியவை: கவுன்சில் கடிதத்துக்குப் பதில். பருப்பு. இவருக்குக் கம்பளிக் காலுறை.

கந்தோரில் ஏழாவது வாரம். மீன் இறக்குமதிக் கம்பனியில் ஒரு சைவக்காரி. பெப்ரவரி கடைசிவரைதான் வேலை, தற்காலிகம். சுங்கப் படிவங்களை நான் தட்டச்சடிக்க, மூத்த கிளார்க் பிரையன் கையெழுத்துப் போடுவார். கொழும்புச் சுங்கத்தில் பதினொரு வருஷம் மற்றவர்கள் அடித்துக் கொண்டுவர, கையெழுத்துப் போட்டவள் நான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு அதுவும் போயிற்று. இதை எழுதுவது வயிற்றெரிச்சலில் இல்லை.

சரி, வயிற்றெரிச்சலில்தான்.

23 ஜனவரி, புதன்

மத்தியானம் பேப்பரில்: பெப்ரவரி முதலாம் திகதி கிரீன்லாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையை விட்டு வெளியேறுகிறது. வாக்கெடுப்பு முன்னமே முடிந்துவிட்டது. காரணம் மீன். தங்கள் கடலில் யார் வலை போடுவது என்று பிரசல்ஸ் சொல்லக் கூடாதாம்.

பிரையன் மேசையில் தட்டினார். (இவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில்தான் எழுத வருகிறது.) “கெட்டிக்காரர். அடுத்தது நாங்கள் வெளிக்கிட வேணும்.”

எனக்கு மனதில் ஓடியது வேறு. எங்கள் உறைந்த இறால் அங்கிருந்துதானே வருகிறது! சந்தைக்குள் இருந்தவரை வரி இல்லை. முதலாம் திகதியிலிருந்து அது வெளிநாட்டுச் சரக்கு. அவர்களுடைய மீனுக்குச் சலுகை உண்டு, ஆனால் அங்கேதான் பிடித்தது, அங்கேதான் பொதி செய்தது என்று ஒவ்வொரு சரக்கோடும் முத்திரையிட்ட சான்றிதழ் வரவேண்டும். இல்லாவிட்டால் முழு வரி, அல்லது குளிர்க் களஞ்சியத்தில் காத்திருப்பு. சுங்கத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை இரண்டு தரம் வாசித்தேன்.

பிரையன்: “டென்மார்க்காலதானே வருது? டென்மார்க் உள்ளுக்குத்தானே இருக்கு? பழைய தாளே போதும், லவ்.” (எல்லாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்.)

டென்மார்க்கில் அது கப்பல் மாறுகிறது, அவ்வளவுதான். சொன்னேன். தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

24 ஜனவரி, வியாழன்

முதலாளி ஹார்வியிடமே போனேன். தலை நிமிராமல், “பிரையன் முப்பது வருஷமா இதைச் செய்யிறார்.” கதை முடிந்தது.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். பெட்ரோல் ஸ்டேஷனில் பகல் ஷிப்ட் முடித்து வந்த களைப்பு.

“வேலைக்குப் போனமா, வந்தமா எண்டு இரும். கிரீன்லாந்துக்காரன் தன்ர பாட்டைப் பாப்பான்.”

“அவன் பாப்பான். எங்கட இறாலை ஆர் பாக்கிறது?”

“எங்கட இறாலோ? எப்பயிருந்து?”

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரே கேட்டார்.

“அங்கை எவ்வளவு சனம்?”

“யாழ்ப்பாண டவுனில அரைவாசியும் இல்லை.”

“வோட்டுப் போட்டே வெளிக்கிட்டவை?”

“ஓம்.”

“ஒருத்தரும் வந்து அடிக்கேல்லையோ?”

“இல்லை.”

டீவியை நிறுத்தினார். அந்த ஐஸ் நாட்டுச் சனத்தின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

25 ஜனவரி, வெள்ளி

செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

கிரீன்லாந்தில் இறால் பொதி செய்யும் கம்பனிக்கு, சான்றிதழ் கேட்டு, நேரே டெலெக்ஸ். அடித்தவள் டெலெக்ஸ் மெஷின் பார்க்கும் மொரீன். முதல் வரி: “தங்களுக்குப் பின்வருமாறு அறிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்.” கடைசி வரி: “ஐயா, தங்கள் பணிவுள்ள ஊழியராயிருக்கும் பெருமையுடையேன்.”

மொரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். “டெலெக்ஸில ஆர் இப்பிடி எழுதுறது? அரைவாசி போதும்.”

“ஒரு சொல்லும் வெட்டாதை,” என்றேன். கடிதம் என்றால் கடிதம்.

29 ஜனவரி, செவ்வாய்

மழை. பதில் வந்தது. விலாசத்தில்: “மாண்புமிகு சுங்க அதிகாரி அம்மணி அவர்களுக்கு.”

ஐயோ. கிரீன்லாந்துக்காரன் என்னைப் பிரித்தானிய அரசாங்கம் என்று நினைத்துவிட்டான். “தங்கள் பணிப்பின்படி” முத்திரையிட்ட சான்றிதழ் அடுத்த கப்பலிலேயே சரக்கோடு வருமாம், தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்கிறான். தாமதமே நடக்கவில்லை!

தாளை மெஷினிலிருந்து கிழித்தவர் ஹார்வி. அறைக்குள் கூப்பிட்டார்.

“உன்னை ஆர் பணிச்சது?”

“ஒருத்தருமில்லை, சேர். கொழும்புக் கந்தோரில எல்லாக் கடிதமும் அப்பிடித்தான் துவங்கும். கை தானா எழுதிப் போட்டுது.”

“அதிகாரி வேஷம் போட்டதெண்டு சுங்கம் வந்தால்? கப்பல் வரட்டும். ஒரு கரைச்சல் வந்தாலும் அண்டைக்கே நீ வீட்டை போகலாம்.”

அழவில்லை. கழிப்பறையில் மூக்கு மட்டும் சிந்தினேன். ஒரு பொய்யும் எழுதவில்லை நான். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் “இரும் எண்டு சொன்னனான்” என்பார்.

1 பெப்ரவரி, வெள்ளி

இன்றுதான். கிரீன்லாந்து வெளியே. லண்டனில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பஸ்ஸும் அதே பிந்தல். பிரையன் தேத்தண்ணிக் கோப்பையை உயர்த்தி அவர்களுக்கு வாழ்த்துச் சொன்னார். வாழ்த்தட்டும். வாக்குப் போடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தாள், அதை அடிக்க என்னைப் போல் ஒருத்தி. போனது பிழை என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் கடல், அவர்கள் பாடு. தாள் இல்லாமல் போய்விடலாம் என்று பிரையன் நினைப்பதுதான் எரிச்சல்.

அரிசி வாங்க மறந்துவிட்டேன். இரவுக்குக் கடைப் பாணும் பருப்பும்தான்.

11 பெப்ரவரி, திங்கள்

பல் கிட்டும் குளிர். கப்பல் வந்தது. ராத்திரி நித்திரை இல்லை.

அதே கப்பலில் மூன்று கம்பனிகளின் இறால். மற்ற இரண்டும் பழைய தாளோடு வந்து துறைமுகக் குளிர்க் களஞ்சியத்தில் நிற்கின்றன. எங்களுடையது சான்றிதழோடு, நீல முத்திரையோடு. பதினொரு மணிக்கு முன்னமே சுங்கம் விட்டது. என்னைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்டது தாளை மட்டும். அதுதான் சுங்கம்!

பிரையன் என் மேசைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். “பிழை என்னிலைதான், லவ்.” நல்ல மனுசன். முப்பது வருஷத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

ஹார்வி போனில் வாடிக்கையாளரிடம்: “நாங்கள் முதலே யோசிச்சு வைச்சனாங்கள்.” நாங்களாம்!

இவரிடம் முழுக்கதையும் சொன்னேன். டெலெக்ஸின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்தார். பிறகு, “கெட்டிக்காரி,” என்றார். கலியாணம் கட்டி ஒன்பது வருஷத்தில் இது இரண்டாம் தரம்.

13 பெப்ரவரி, புதன்

ஹார்வி ஒரு பெட்டி இறாலோடு வந்தார். பரிசாம். “நன்றி சேர், நாங்கள் சைவம்.” பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனிதர் கொஞ்ச நேரம் நின்றார். மொரீனுக்குப் போயிற்று.

வேலை நீடிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்னும் இரண்டு வாரம்தான். தெற்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு ஆள் தேடுகிறார்களாம், இவர் விசாரித்திருக்கிறார். மிளகாய்த்தூள் நிறுக்கும் வேலை. தேவையென்றால் அதையும் செய்வேன். விருப்பமில்லை.

22 பெப்ரவரி, வெள்ளி

பிரையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. அடுத்த சரக்கு துறைமுகத்தில், லொறி காத்து நிற்கிறது. காலை பத்தரைக்கு ஹார்வி படிவத்தை என் முன்னால் வைத்தார்.

“நீயே கையெழுத்துப் போடு.”

ஒன்றரை வருஷம் காத்திருந்த சொல். பேனையை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

“அடுத்த வெள்ளி நான் இஞ்சை இல்லை, சேர். பிறகு சுங்கம் கேட்டால் ஆர் பதில் சொல்லுறது? தற்காலிக ஆளின்ர கையெழுத்து உங்களுக்கும் கூடாது. நிரந்தர வேலைக்குக் கடிதம் தாங்கோ. பிறகு போடுறன்.”

மொரீன் அடிப்பதை நிறுத்திவிட்டாள். ஹார்வி மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மொரீன், ஒரு கடிதம் அடி.”

வாசித்தேன். பதவி இருந்தது, துவங்கும் திகதி இல்லை. திருப்பிக் கொடுத்தேன். திகதியோடு வந்தது. மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

பிறகு போட்டேன். முழுப் பெயர், திலகவதி சிவபாதம், ஒரு எழுத்தும் சுருக்காமல். அவர்கள் விட்டிருந்த இடம் போதவில்லை. கோட்டுக்கு வெளியே போய் முடிந்தது.