உங்கள் நாடகத்தில் என் கதை

அக்கா,

நேற்று உங்கள் சோபா எங்கள் வீட்டு டிவியில் வந்தது. பச்சைப் பூப்போட்ட உறை, கைப்பிடியில் தேநீர்க் கறை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"எட, இது வால்தம்ஸ்டோவிலை அவவின்ரை வீடெல்லோ! செத்துப்போனவவின்ரை சோபாவிலை இருந்து சிரிக்கினம், பார்."

லண்டனில் எடுக்கும் தமிழ் நாடகங்களை அம்மா இப்படித்தான் பார்ப்பார். யார் வீட்டுச் சோபா, யார் வீட்டுத் திரைச்சீலை என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி நாடகம் போய்விடும். நீங்கள் எழுதி, உங்கள் வீட்டிலேயே படம்பிடித்த நாடகம். அது ஒளிபரப்பாகும் முன்பே, ஒரு வார்த்தை சொல்லாமல் திடீரென்று போய்விட்டீர்கள்.

நாம் வேலை பார்த்த ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடையின் பின்னறையில், கறிவேப்பிலையைப் பைகளில் போட்டபடி, நாடகத்துக்கு ஆகுமா என்று எத்தனை கதைகளை எடைபோட்டோம்! நான் வாய் திறக்காதவள். உங்களுக்குக் கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும். கல்யாண வீட்டுச் சண்டை என்றால் உடனே தள்ளிவிடுவீர்கள். "அது நாடகம் இல்லையடி, அது வழக்கமான சனிக்கிழமை." ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு பேசாத அண்ணன் தம்பியைப் பற்றி ஒருநாள் கடைக்கு வந்தவர் சொன்னார். ஒரு பூனை மட்டும் இரண்டு இடத்திலும் சாப்பிடுகிறதாம், ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்களாம். நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டீர்கள். "இதுதான்! அந்தப் பூனை ஒருநாள் வராமல் விட்டாலே போதும், ரெண்டுபேரும் கதைப்பினம்."

என் கதையையும் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். வகுப்பில் நான் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் வாசித்ததை ஒருத்தி போனில் பதிவுசெய்ததையும், அதைப் போட்டுப் போட்டு எல்லோரும் சிரித்ததையும். பிறகு நான் சீருடையோடு வெளிக்கிட்டு, பள்ளிக்கூடம் போகாமல் பஸ்ஸில் சுற்றினேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்காகப் பேசுவதும் நான்தான். கடைசியில் படிப்பையே விட்டேன். சோம்பலால் விட்டேன் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். அது அப்படியே இருக்கட்டும் என்று உங்களிடம் கேட்டேன். தலையாட்டினீர்கள்.

நேற்று அந்தச் சோபாவில் ஒரு பையன் அமர்ந்து சப்பாத்து லேஸ் கட்டினான். வேலைக்குப் போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு, நாள் முழுக்கப் பஸ்ஸின் மேல்தட்டில் சுற்றினான். பெண்ணைப் பையனாக்கி, வகுப்பைச் சூப்பர் மார்க்கெட்டாக்கி இருந்தீர்கள். அந்தச் சிரிப்பை மட்டும் மாற்றவில்லை. என் கதையை என்னைக் கேட்காமல் எப்படி நாடகத்துக்குக் கொடுத்தீர்கள், அக்கா?

அவன் நூலகத்துக் கழிப்பறையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினான். அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. தன் மகள் பெட்டியைக் கழுவிக்கொண்டுதான் வருவாள் என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னவர்.

நாடகத்துத் தாய் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். அதோடு முடிந்துவிட்டது. மகனுடைய பதில் இல்லை. "பதிலைச் சொல்லிப்போட்டால் சனம் டிவியை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திடும். சொல்லாமல் விட்டால்தான் வீட்டுக்குள்ளை கதைப்பினம்" என்பீர்கள்.

அம்மா டிவியை நிறுத்தினார்.

"பிள்ளை, அது நீயோ?"

வழக்கமாக என்றால் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தியிருப்பேன். நேற்று அங்கேயே இருந்தேன்.

"ஓம் அம்மா."

ஏன் மறைத்தாய் என்று கத்துவார் என நினைத்தேன்.

"மழை நாளிலையும் பஸ்ஸிலையோ இருந்து சாப்பிட்டனீ?"

"ஓம்."

"தனியவோ?"

அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சண்டை பிடிக்க நீங்கள் இல்லையே என்று அதைவிடக் கோபம். ஆனால் இன்று காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, அம்மா சித்திக்குப் போன் எடுத்துப் பேசுவது குசினி அடுப்படியிலிருந்து கேட்டது.

"என்ரை பிள்ளை சோம்பேறி இல்லையடி. எனக்குத்தான் தெரியாமல் போச்சு."

அந்தக் குரலைத்தான் இன்று கடை முழுக்கக் கொண்டு திரிகிறேன், அக்கா.