பத்துச் செடிக்கு ஒரு டீ

என் அருமைத் தங்கை தனத்துக்கு,

புல் அறுத்தாயிற்று. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நான்கு நாளாக மனதுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தேன். நம் அப்பாவின் ஒன்றேகால் ஏக்கரில், இருபது வருடம் சீமைக்கருவேலம் மண்டி ஒருவரும் கால் வைக்காமல் கிடந்த இடத்தில், கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நின்றது. அறுத்துக் காயவைத்து, உன் மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் போராக அடுக்கியிருக்கிறோம். நீ பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

உன்னிடம் இரண்டு பசுக்கள் இருந்தன. கோடை வந்தால் வைக்கோலுக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருப்பாய். உன் மகள் செல்வியின் வீட்டுக்காரர் வரும்போதெல்லாம், "தீனி இல்லாம எதுக்கு அத்தை மாடு? சந்தைக்கு ஓட்டிடலாம்" என்பார். என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாய்: "அண்ணே, நம்ம காட்டைத் திருத்திப் புல்லு போட்டுட்டா யாருகிட்டயும் போயி நிக்க வேணாம். இதுங்களும் வூட்டை விட்டுப் போகாது."

சித்திரையில் பொக்லைன் வந்து கருவேலத்தைப் பெயர்த்தது. அடிக்கட்டை தங்கினால் திரும்பத் தழைக்கும் என்று நீ ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தாய். நான் உன் பின்னால் நோட்டுடன் நடந்து குழிகளை எண்ணினேன். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? முப்பது வருடம் பீங்கான் ஆலையில் மண் சோதித்தவன் என்று பெயர். அது சூளைக்குப் போகிற மண். அதில் எதுவும் முளைக்காது.

பிறகு நீ திட்டக்குடிக்கு, செல்வியின் வீட்டுக்குப் போயிருந்த வாரம், யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். என் வாழ்நாளில் அப்படிச் செய்தவை மூன்றோ நான்கோதான் இருக்கும். ஆட்டுக்காரரைப் பிடித்து, திருத்திய நிலத்தில் ஐந்து நாள் கிடை போடச் சொன்னேன். ஆடுகள் இரவில் அங்கே அடைந்து கிடந்து புழுக்கை போட்டால் மண்ணுக்கு உரம் ஆயிற்றே, நீ திரும்பி வந்து பார்த்தால் மகிழ்வாயே என்று நினைத்தேன்.

அந்த ஆடுகள் கோடை முழுதும் கருவேலங்காய் தின்றவை. அந்த விதை ஆட்டின் வயிற்றில் சாகாது, பதமாகி வெளியே வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆடியில் முதல் மழை பெய்த நாலாம் நாள் நீ வரப்பில் நின்று கேட்டாய்: "என்னண்ணே இது, கொத்தமல்லி வெதச்ச மாதிரி இருக்குது?"

கிடை போட்டதைச் சொன்னேன்.

நீ ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாய். பிறகு சிரித்தாயே ஒரு சிரிப்பு! "கருவேலத்துக்கு நாத்தங்கால் வுட்டுருக்க. இந்த ஊருல எவனுக்கும் வராத யோசனை!"

நான் பதறிப்போய், உடனே உழுது புல் விதைத்துவிடலாம் என்றேன். என் நோட்டில் அந்த வாரத்துக்கு விதைப்பு என்று இருந்தது. "நோட்டை மூடுண்ணே" என்றாய். "உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வரட்டும். வந்தாத்தான புடுங்க முடியும்?" அந்த வருடம் விதைக்கவில்லை. மழைக்கு மழை முளைத்தது. ஈரம் காய்வதற்குள், இரண்டு இலைப் பருவத்திலேயே பிடுங்கினோம். பார்த்தீனியத்தைப் பூ விடுமுன் எடுத்தோம். கோரை இருந்த மூலையை உழ வேண்டாம் என்று தடுத்தாய்: "ஏரு ஓட்டுனா கிழங்கு காடு பூரா நடக்கும்ண்ணே." அதை மண்வெட்டியால் தோண்டித் தோண்டியே ஒழித்தோம்.

ஆள் போதவில்லை என்றதும் நீ போட்ட சட்டத்தை நினைத்தால் இன்றும் வியப்புத்தான். உன் வீடு அந்த நிலத்தை ஒட்டியே இருந்ததால் தப்பிக்க ஒருவருக்கும் வழியில்லை. யார் வந்தாலும் பத்துச் செடி பிடுங்கினால்தான் டீ. பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையோடு குனிந்தார்கள். மாப்பிள்ளை முறைத்துக்கொண்டு, "அத்தை, நான் இந்த வூட்டு மாப்பிள்ளை" என்றார். "அதனாலதான் பத்து. வேத்தாளுன்னா இருவது" என்றாய். என் தவறைச் சரிசெய்கிறோம் என்று யாருக்கும் தெரியாதபடி அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாயே, அது வேண்டுமென்றே செய்ததா தனம்?

மறு வருடம் ஆவணியில் விதைத்தோம். ஐப்பசி மழையில், ஒரு விடியற்காலை, உன் இதயம் நின்றுவிட்டது. அப்போது புல் முழங்கால் உயரம்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று செல்வி டீ எடுத்து வந்தாள். ஒருவரும் கை நீட்டவில்லை. ஊருக்குப் பால் ஊற்றுகிற அஞ்சலை மெல்லச் சொன்னாள்: "பத்துச் செடி புடுங்காம எப்புடிக் குடிக்கிறது? தனம் பாத்துக்கிட்டில்ல இருக்கும்." அவள் முதலில் நிலத்தில் இறங்கினாள். அப்புறம் எல்லாரும், வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, புல்லை விலக்கி விலக்கிக் கருவேலங்கன்று தேடினார்கள். நான் வரப்பில் நின்று அழுதேன்.

செல்வியும் மாப்பிள்ளையும் இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறார்கள். காரியத்தன்றே மாப்பிள்ளை என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மாமா, தையில போரு நின்னா மாடு நிக்கும். இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மழை விட்டது. தை பிறந்து அறுத்தோம். முதல் நாள் புல்லைக் காயப்போடும்போதே கிழக்கு மூலையிலிருந்து வந்த கட்டுகளில் ஊமத்தை கலந்திருப்பதைக் கண்டேன். நீ சொன்னது காதில் கேட்டது: பச்சையில் மாடு அதை ஒதுக்கும், காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் தெரியாமல் தின்றுவிடும். அந்த மூலைப் புல் அவ்வளவையும் கொட்டிவிட வேண்டும் என்றேன்.

"மாமா, நாலுல ஒரு பங்கு! பொறுக்கிப் போட்டுட்டாப் போதாதா?" என்றார் மாப்பிள்ளை.

"போதாது" என்றேன். தனம், நான்தான் சொன்னேன். அதைக் கொட்டிவிட்டு, மற்றதை வெயிலில் பரப்பி, ஆலையில் உடைசல் பார்க்கிற மாதிரி பிடிபிடியாக மூன்று நாள் பார்த்தேன். பிறகுதான் அடுக்கினோம். போர் நீ நினைத்ததைவிடச் சிறியதுதான். ஆனாலும் நிற்கிறது.

நேற்று மாப்பிள்ளை புதுக் கயிறு வாங்கி வந்தார். மாட்டைச் சந்தைக்கு ஓட்டத்தான் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சந்தைக்கு இல்ல மாமா. பழைய கயிறு இத்துப் போச்சு. இங்கதான கெடக்கப் போவுதுங்க" என்றார். கொட்டகையில் இரண்டும் உன் புல்லை மென்றுகொண்டிருந்தன.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நான் அந்தக் கிடையைப் போடாமல் இருந்திருந்தால் முதல் வருடமே விதைத்திருப்போம். இந்தப் போரை நீ கண்ணால் பார்த்திருப்பாய். இது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவ்வளவு பெரிய மனதை நீ எங்கே வைத்திருந்தாய்?

இந்த மாதமும் ஒரு மழை பெய்தது. அறுத்த புல் தூருக்கு நடுவில் ஐந்தாறு இடத்தில் கருவேலம் இரண்டு இலை விட்டிருக்கிறது. அந்த ஆடுகள் போட்ட விதை இன்னும் எத்தனை வருடம் முளைக்குமோ, தெரியவில்லை. என்னால் குனிய முடிகிற வரைக்கும், ஒவ்வொரு மழைக்கும் நான் இறங்குவேன். இது சத்தியம்.

செல்வி டீ ஆறுகிறது என்று கூப்பிடுகிறாள். இன்றைக்கு ஏழு செடிதான் பிடுங்கியிருக்கிறேன். இன்னும் மூன்று இருக்கிறது.

உன் கடனாளியாக அல்ல, உன் காட்டு வேலையாளாக இருக்க விரும்பும்
உன் பெரியண்ணன்