செம்புக் கம்மலுக்கு நான் எழுதிய அட்டை

இன்று காலை ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற ஒரு பெண்ணின் காதில் உன் கம்மலைப் பார்த்தேன். நத்தை ஓடுபோல் சுருட்டிய செம்புக் கம்பி, நடுவில் சிவப்பு வயர்த் துண்டு. நீ செய்ததுதான். பச்சை பூத்துப்போயிருந்தது. மேலே ஒரு பூச்சு கொடு என்று எத்தனை முறை சொன்னேன், கேட்டாயா? நீ போய் ஒரு வருடமாகிறது. உன் கைவேலை இந்த லட்சணத்தில் ஊரைச் சுற்றுவதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. செத்தவனைப் பற்றி இப்படிப் பேசக் கூடாது என்பார்கள். நீ உயிரோடு இருந்தபோதே பேசியிருக்க வேண்டும்.

நான் கவின்கலைக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவன். நீ ஐ.டி.ஐ. முடித்தவன். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையக் கற்றுக்கொடுத்தேன். நீ ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றாய். வெட்டி விழும் செம்புத் துண்டுகளை டிபன் பாக்ஸில் போட்டு வெளியே கொண்டுவந்து, பென்னலூர் வீட்டில் உட்கார்ந்து கம்மல் சுருட்டினாய். குப்பைக்குப் போகிற துண்டுகள்தான். ஆனால் குப்பைகூட கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி விதி.

கூட்டு ரோட்டில் பேக்கரிக்கு மேலே இருந்த ஹாலை, பணி ஓய்வு பெற்ற ஒரு மேடம் கேலரியாக மாற்றினார். உள்ளூர் கலைஞர்களின் முதல் கண்காட்சிக்கு என்னைத்தான் அழைத்தார். உன்னைச் சேர்த்துவிட்டது நான். சுவரில் என் ஏழு ஓவியங்கள், மூலையில் உனக்கு ஒரு மேசை. ஒவ்வொன்றுக்கும் பெயர், செய்தவர், பொருள் என்று ஒரு சிறிய அட்டை வைக்க வேண்டும். உன்னுடையதையும் என்னையே எழுதச் சொன்னாய்.

"செம்புன்னு மட்டும் போட்டுடு மச்சி. எங்கேர்ந்து வந்துச்சின்னு எவனுக்கனா தெரிஞ்சா வேலைக்கே ஆப்பு."

அப்படியே எழுதினேன். நீ அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பது உன் நினைப்பு.

இரண்டாம் நாள் மதியம் நான் வந்தபோது நடுச்சுவரில் என் பிள்ளைப்பாக்கம் ஏரி இல்லை. எட்டு மாதம் வரைந்த படம். அந்த இடத்தில் சலூனில் இரவல் வாங்கிய கண்ணாடி. ஏரி தரையில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் ஏழெட்டுப் பேர் கண்ணாடி முன் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, தள்ளேன். எனக்குக் காதே தெரிய மாட்டேங்கு."

"என்னடா இது?" என்று உன்னிடம் கேட்டேன்.

"கோச்சிக்காதடா. பொண்ணுங்க மாட்டிப் பாக்க வேணாமா? இங்கதான் வெளிச்சம் நல்லா கீது. உன் ஏரில மூஞ்சி தெரியாதுடா!"

பெண்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். "நாளைக்கு மாட்டிடலாம் சார்" என்றார். மாட்டவில்லை.

எல்லோரும் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில் உன் அட்டைகளை எடுத்துப் புதிதாக எழுதி வைத்தேன். செம்பு என்று இருந்த இடத்தில், உன் கம்பெனியின் பெயரைப் போட்டு, 'லைனில் வெட்டி விழுந்த செம்புக் கம்பி' என்று. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அழகாகவும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் அழைத்து உன் கம்பெனி எச்.ஆர். வந்தார். ஒவ்வொரு அட்டையையும் பொறுமையாகப் படித்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். "சூப்பர்ப்பா" என்று உன் கையைக் குலுக்கினார். நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். திங்கட்கிழமை கேட்டிலேயே உன் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாய். சண்டைக்குத்தான் என்று தயாராக இருந்தேன். நீ தண்ணீர் கேட்டாய். குடித்து முடித்து, சொம்பைக் கீழே வைத்தாய்.

"செம்புன்னு மட்டும் போடச் சொன்னேன்ல. மறந்துட்ட போல. வுடு மச்சி."

மறந்துவிட்டேனாம்! நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த உனக்குத் தெரியாதா? என்னை ஓர் எதிரியாக மதிக்கக்கூட உனக்குத் தோன்றவில்லை. உன் மன்னிப்பைப்போல் என்னை எதுவும் அவமானப்படுத்தியதில்லை.

பிறகு ஏதோ ஒரு கிடங்கில் செக்யூரிட்டி வேலை. கம்மல் செய்வதை விட்டுவிட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் வருடம், நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய்.

"பேனருக்கு நீங்களே எழுதிக் குடுங்கண்ணா. எது எழுதணும்னாலும் உங்களதான கேப்பாரு" என்றாள் உன் மனைவி. எழுதினேன். உன் பெயர், பிறப்பு, இறப்பு, குடும்பத்தார், நண்பர்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அதைத் திரையில் காட்டியபோது, கூட வந்திருந்த உன் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அப்பா நகை செஞ்சாருல்ல. பேருக்குக் கீழ கலைஞர்னு ஒரு வார்த்தை போடலாமா?"

"இடம் இல்லம்மா" என்றேன்.

பத்தடி பேனர். உன் முகம் போக, பாதி வெறுமையாகக் கிடந்தது. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி மாமா" என்றாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

அந்த ஒரு சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்திலாவது உன் பெயரை எழுதி, பக்கத்தில் அதைப் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். கை வரவில்லை.