வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

மச்சான்,

இன்று காலை உன் கேமராப் பையைத் திறந்தேன். அடியில் நீ துணியில் முடிந்து வைத்த அரிசி அப்படியே கிடந்தது. கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அடிக்கடி புது அரிசி மாற்றி வைப்பாய். இப்போது அதில் வண்டு விழுந்துவிட்டது. உப்பும் உளுத்த மாவும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பிப் பார்த்தேன். ஸ்டுடியோவில் என்னைத் தவிர யாரும் இல்லை.

செங்கல்பட்டில் நாம் கூட்டாக ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து இந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் எத்தனை! கருங்குழி மண்டபத்தில் முகூர்த்தம், மறுநாள் மாமல்லபுரத்தில் அவுட்டோர் படங்கள். மாப்பிள்ளை வெண்ணெய் உருண்டைப் பாறையை ஒற்றைக் கையால் தாங்குவார், பெண் சிரிப்பாள், நான் சுட்டுத் தள்ளுவேன். ஆல்பத்தைப் புரட்டி நீ மட்டும் உதட்டைப் பிதுக்குவாய்.

"இதெல்லாம் கல்யாணம் நடந்துச்சின்றதுக்கு சாட்சி மச்சான். படம்னா பாத்தவனுக்கு தூக்கம் கெடணும்."

சோறு போடுகிற தொழிலை இப்படிப் பேசுகிறாயே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உன் கணக்கில் நீ எடுத்ததில் தேறியது ஒன்றே ஒன்று. கடப்பாக்கத்துக் கரையில் நின்ற ஒரு மீனவப் பெண். "அவ புருசன் கரையேறி பின்னாடி நிக்கிறான். இவ இன்னும் கடலையே பாத்துகினு கீறா. யாரத் தேடறா? அது தெரிஞ்சிட்டா படம் செத்துபூடும்" என்றாய்.

"இந்த ஒண்ணுக்காடா இத்தினி வருசம் கேமராவ மாட்டிகினு தோள்பட்டைய தேச்சிகினே?" என்று கேட்டேன்.

"ஒண்ணு கெடச்சதே பெருசு. உனுக்கு அதுவாவது கெடச்சிதா?"

எனக்குக் கோபம் வந்தது.

நீ போன விதத்தை இன்னும் என்னால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துபோனது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், சொன்னாள். நம் ஸ்டுடியோவில் நான் எடுத்த உன் பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கி, சட்டை மடிப்பைக்கூடச் சரிசெய்து எடுத்துக்கொண்டு போனேன். தங்கச்சி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"மூஞ்சி அவரோடதுதாண்ணா. ஆனா இது அவரு இல்ல. இத்த மாட்னா புள்ளைங்க யாரக் கும்புடும்?"

வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எங்கள எல்லாம் அவரு எடுத்தாரு. அவர எடுக்க யாரு இருந்தா?"

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். கேமராவோடு பக்கத்திலேயே நின்றிருந்தவன் நான்தானே? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே ஓடியது.

பழைய ஹார்டு டிஸ்க்குகளை எல்லாம் கொட்டித் தேடினேன். கூட்டத்தில் உன் முழங்கை, வீடியோவில் உன் முதுகு, அவ்வளவுதான். அப்போதுதான் வெளிச்சம் பார்க்க எடுக்கிற படங்கள் ஞாபகம் வந்தன. மாப்பிள்ளை மேடைக்கு வருவதற்கு முன் நம்மில் ஒருவன் அவர் நாற்காலியில் வெள்ளைப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். மற்றவன் ஒரு படம் எடுத்து, நிறம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுவான். பெரும்பாலும் நீதான் உட்காருவாய். அத்தனையையும் அழித்திருந்தேன். அணுபுரத்து ரிசப்ஷன் ஒன்றில் எடுத்தது மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

மார்பில் பேப்பர். இன்னொரு கை பாதி தூக்கியிருக்கிறது. கண் என்னையே பார்க்கிறது, அதே கிண்டலும் அதே அவசரமுமாக. வாய் பாதி திறந்திருக்கிறது. ஃபோகஸ்கூடச் சரியில்லை. அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்த நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

அதைப் பெரிதாக்கிக் கொண்டுபோனேன். தங்கச்சி பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இவருதான், இவருதான்" என்றாள். உன் சின்ன மகள் படத்துக்குக் கிட்டே போய் நின்று கேட்டாள்: "மாமா, அப்பா இன்னா சொல்லிகினு கீறாரு?"

எனக்குத் தெரியவில்லை மச்சான். நான் பேப்பரைத்தான் பார்த்தேன், வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று. உன்னைப் பார்க்கவில்லை. நீ சொன்னது காதில் ஏறவும் இல்லை. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே படம் இது. அதை எடுக்கும்போது நான் அங்கே இல்லை. பிள்ளையிடம், "ஞாபகம் இல்லடா கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

இப்போதெல்லாம் உன் வீட்டுக்குப் போனால் அந்தப் படம் மாட்டிய சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன். அப்படியும் உன் மகளின் கேள்வி என்னை விடுவதில்லை. "லைட்ட இறக்குடா" என்றாயா, "பசிக்குது" என்றாயா, "வலிக்குது" என்றாயா? ஒவ்வொன்றாக உன் வாயில் வைத்துப் பார்க்கிறேன். எதுவும் உன் உதட்டில் பொருந்தவில்லை.

மண்டபத்தில் இப்போதும் யாரையாவது நாற்காலியில் உட்காரவைத்து வெளிச்சம் பார்க்கிறேன். பேப்பரைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறேன். என்னையறியாமல் "சொல்லு" என்கிறேன்.

"இன்னாண்ணா சொல்லணும்?" என்று முழிக்கிறார்கள்.