மூன்று முறை கேட்ட கேள்வி

ஜன. 6, செவ்வாய்
திருகோணமலை. விடாத மழை. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த குடை முதல் நாளே உடைந்தது. நாடகப் பட்டறை துறைமுகம் பக்கம் ஒரு பழைய கிடங்கில். ஆறு நாட்டு மாணவர்கள். எனக்கு இதுதான் முதல் வெளிநாடு.

நடிக்க வந்தேன். மொழிபெயர்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல். ஒருங்கிணைப்பாளர் ரவி அண்ணன்: “தங்கச்சி, நீங்க கொஞ்சம் சமாளியுங்கோ. வேற ஆள் இல்லை.” தலையாட்டிவிட்டேன்.

வாங்க: சோப்பு, சிம் கார்டு, கொசுவர்த்தி.

ஜன. 7, புதன்
இன்றும் நடிப்பு இல்லை. இயக்குநர் ஐரோப்பியர். சாப்பிடும்போதுகூட அவர் பக்கத்திலேயே நிற்கிறேன். என் ஜோடி பஸீலா, கிண்ணியாவில் தையல் சொல்லிக்கொடுப்பவள். எங்கள் காட்சியில் என் இடம் இப்போது வேறொருத்திக்கு.

மதியம் இயக்குநர் என்னை அவளிடம் கேட்கச் சொன்னார்: வாப்பா, அதாவது அவள் அப்பா, கடலில் காணாமல் போன அன்று வீட்டில் என்ன நடந்தது? தமிழில் கேட்டேன்.
“அதக் கதைக்க ஏலாது.”
மறுபடி கேள் என்றார். கேட்டேன். அவள் தலை குனிந்தாள். அழுதால்தான் காட்சி வரும் என்றார். மூன்றாவது தடவையும் கேட்டேன். குரலை மென்மையாக்கிக்கொண்டு வேறு.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

ஜன. 8, வியாழன்
பஸீலா வரவில்லை. போன் எடுக்கவில்லை. இனி மொழிபெயர்க்க மாட்டேன் என்று ரவி அண்ணனிடம் சொன்னேன்.
“நாளைக்கு ஊராக்கள் எல்லாம் வருவினம். இப்ப விட்டிட்டுப் போனா நான் என்ன செய்ய?”
டிக்கெட் சனிக்கிழமைக்கு. அதுவரை போக இடமில்லை.

நாலு மணிக்குக் கிண்ணியா பஸ். பஸீலாவின் உம்மா கதிரை போட்டுத் தேநீர் தந்தார். மன்னிப்புக் கேட்டேன். இயக்குநர் கேட்டதைத்தான் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.
“அவர் கேட்டது எனக்கு விளங்கல்ல,” என்றாள் பஸீலா. “நீங்க கேட்டதுதான் விளங்கிச்சு.”
தேநீரை முழுக்கக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜன. 9, வெள்ளி
மழை விட்டது. கடைசி நாள். கிடங்கு நிறைய ஊர்க்காரர்கள். மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவரை நடுவில் நிறுத்தினார் இயக்குநர். கடலில் மிகவும் பயந்த நாள் எது, கேள் என்றார். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.
“ஐயா, காலையில் சாப்பிட்டீங்களா?”
“ஓம் மகள். பாணும் சம்பலும்.”
அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். இயக்குநருக்குப் புரியவில்லை. நீங்கள் கேட்டதை நான் கேட்கவில்லை என்றேன். என்னைப் போய் உட்காரச் சொன்னார்.

மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்தேன். பெரியவர் இன்னும் நடுவிலேயே நின்றார். பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.
“ஐயா,” என்றேன், “நீங்களும் வந்து உட்காருங்க.”