பூநாரை பார்க்க வந்த சம்பந்தியம்மாள்

பழவேற்காடு,
தை 12

அன்பு மருமகள் சுபஸ்ரீக்கு, உன் தாய்மாமன் ஆதிநாராயணன் ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவாய், அதனால்தான் கடிதம்.

நீ கட்டிக்கொள்ளப்போகும் பிரவீனும், உன் அம்மாவை இன்னும் நேரில் பார்த்திராத அவர் அம்மா குணசுந்தரியும் ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க வந்தார்கள். யாரும் அதிகம் போகாத இடமாகக் காட்டச் சொன்னாய், காட்டினேன். டச்சுக்காரர் கல்லறையில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லை முழுக்கப் படித்து அர்த்தம் சொன்னேன். டச்சு எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே அத்துப்படி. உன் அம்மா எளாவூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருப்பதாக, நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். என் பங்குக்கு அதை மந்திரி வீட்டுக் கல்யாணம் ஆக்கினேன்.

பிறகு லைட்ஹவுஸ் குப்பத்து பெலிக்ஸின் பைபர் படகை இரவல் வாங்கி நானே ஓட்டினேன். ஏரியில் இரண்டு லட்சம் பூநாரை. ஒரு நூறு இருக்குமா மாமா என்று பிரவீன் கேட்டார், சின்னப் பிள்ளைதானே. கிட்டத்தில் காட்டலாம் என்று திருப்பினேன், படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மூன்று பேரும் இறங்கித் தள்ளியும் அசையவில்லை.

பக்கத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வந்து தோள் கொடுத்தாள். கை இரண்டும் சேற்றில் இருக்கும் என்று இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார்களே, அப்படி. உன் அம்மாதான்.

இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா என்று குணசுந்தரியம்மா கேட்டார். யாரோ, தெரியாதும்மா என்றேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். வாயில் பறி. படகை ஆழத்துக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். அந்தம்மா பேர் கேட்டுச் சொல்லுங்களேன், நன்றி சொல்லணும் என்று குணசுந்தரியம்மா கார் ஏறும்வரை மூன்று தடவை கேட்டார். காது கேட்காதவன்போல் நின்றேன். எதையும் கூட்டிச் சொல்லியே பழகிய வாய் மருமகளே இது. குறைத்துச் சொன்னது அன்றுதான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் நாம் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். இன்னாடா, எளாவூர் கல்யாணத்துல சாப்பாடு எப்டின்னு சிரித்தாள். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம், அந்தம்மா செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டினுச்சிடா, தடவி எடுத்தாந்தேன்னு காட்டினாள். கழுவித் துடைத்து நிழலில் வைத்திருக்கிறாள், வெயிலில் வைத்தால் தோல் வெடிக்குமாம். நீயே குத்துடு, நான் எதுக்கு அங்கன்னு சொல்கிறாள்.

நான் கொடுக்கமாட்டேன். வருகிற ஞாயிறு பஸ் ஏறி வா தாயி. அம்மாவை உன் பக்கத்தில் உட்கார வைத்து அவர்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. அவள் கையாலேயே கொடுக்கட்டும். யாரென்று கேட்டால் நீ சொல். நான் பின்னால் நிற்கிறேன், வாயே திறக்கமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்ளும்,
உன் மாமன்
ஆதிநாராயணன்