மலருக்கு அருள் வரவில்லை, செல்வி

என் செல்விக்கு,

சண்டை போட நீ இல்லாமல் போன பிறகு ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள் மலர் எட்டாவது படிக்கிறாள். உன்னைப் போலவே ஒல்லி, உன்னைப் போலவே வாய். அவள் முகத்தை நீ பார்த்தாயா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் பிறந்த அன்று ரத்தம் நிற்காமல் உன்னைத் தலைச்சோலையிலிருந்து சேலத்துக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். அடிவாரம் வருவதற்குள் நீ போய்விட்டாய். "உடம்புல ரத்தமே இல்லாத பொண்ண இத்தனை வருஷமா யாரும் கவனிக்கலையா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம். ஊரில் விதி என்றார்கள். நாம் படிக்கும்போதே பள்ளிக்கூடத்துப் படியேறினால் உனக்கு மூச்சு வாங்கும். என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அதுவும் விதியா?

இந்த வருஷமும் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எங்கள் வளையல் கடை போட்டிருந்தோம். திடீரென்று கூட்டத்தில் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மலர் தரையில் கிடக்கிறாள். சுற்றிலும் பெண்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். "புள்ளைக்கு அருள் வந்துருச்சுங்க!" என்கிறார்கள். அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"வழி விடுங்க! இது அருள் இல்லீங்க, மயக்கமுங்க!" என்று கத்தினேன். முக்காடு போட்டவள் இங்கே வந்து கத்துகிறாளே என்று முறைத்தவர்கள் உண்டு. கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு அக்காதான் ஓடிவந்து மலரின் காலைப் பிடித்துத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பரிசோதித்த நர்ஸ் அதிர்ந்துபோனார். "நொம்பக் கம்மியா இருக்குதுங்க. பள்ளிக்கூடத்துல வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை குடுப்பாங்களே, முழுங்கலையா கண்ணு?"

மலர் தலை குனிந்துகொண்டாள். "காலைல வெறும் வயித்துல குடுப்பாங்க. வாந்தி வரும். வெளிக்கி வேற கறுப்பாப் போச்சு, பயந்துட்டேன். அப்பா வீசிறச் சொன்னாரு."

உன் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார். "வயசுக்கு வந்த புள்ளை அதைத் தின்னா நாளைக்குக் கொழந்தை பொறக்காதுன்னு சொல்றாங்கம்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏனுங்கண்ணா, செல்விக்குக் கொழந்தை பொறந்துச்சே, அவ எங்கீங்க?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்வானேன்?

ராகி, முருங்கைக்கீரை, முட்டை கொடுங்கள், கூடவே ஆரஞ்சோ கொய்யாவோ கொடுங்கள், சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது, கொடுக்காதீர்கள் என்றார் நர்ஸ். இதில் எது செல்வி நம் மலையில் விளையாதது? எல்லாம் மூட்டை மூட்டையாகச் சேலத்துக்குப் போகிறது. வளர்கிற பிள்ளைக்குக் கடுங்காப்பியும் பன்னும்!

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு உனக்குப் பதிலாக நான் போனேன். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும், "குடுக்கறதுதாங்க எங்க வேலை. முழுங்கறாங்களான்னு பாத்துட்டே இருக்க முடியுங்களா?" என்றார் டீச்சர்.

"பாக்கத்தாங்க வேணும்! சாப்பிட்ட பொறகு போட்டா வாந்தி கொறையும், வெளிக்கி கறுப்பாப் போனா பயப்பட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மலர் ஏன் வீசறா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து உன் வீட்டுக்காரர் எழுந்தார். "எம் பொண்டாட்டி ரத்தம் இல்லாம செத்தாளுங்க. யாரோ சொன்னதக் கேட்டு எம் புள்ளையவும் அதே வழியில அனுப்பப் பாத்தேன். நீங்க யாரும் அப்படிப் பண்ணிராதீங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர்மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் இறங்கியது.

இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டீச்சர் கண்ணெதிரே மாத்திரை போடுகிறார்கள். நர்ஸ் வந்து பிள்ளைகளிடம் பேசிவிட்டுப் போகிறார். இன்னும் சில வீடுகளில் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வீடுகளுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

மலருக்குத் தனியாக வைத்தியமும் நடந்தது. போன வாரம் கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்தி ஓடி ஏறினாள். கண்டக்டர் கன்னாபின்னாவென்று திட்டினார். செல்வி, அந்தத் திட்டு என் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

அவள் பிள்ளை பெறுவதற்காக மட்டும் உடம்பில் ரத்தம் வேண்டும் என்று பேசுகிறவர்களை நான் விடுவதாயில்லை. அவள் மூச்சு வாங்காமல் மலையேற வேண்டும், சிரிக்க வேண்டும், நரைத்துக் கிழவியாக வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
பர்வீன்